வீட்டில் செய்த மர அலமாரிக்கு உயரம் திருத்தக்கூடிய கால்களைப் பொருத்துவது எப்படி?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூடத்துக்காகப் புத்தக அலமாரி ஒன்றை நானே செய்து முடித்திருக்கிறேன். உயரம் ஆறரை அடி, அகலம் மூன்றடி, ஆழம் பதினைந்து அங்குலம். பக்கப் பலகைகள், தட்டுகள், இரண்டு கதவுகள் எல்லாம் 19 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும் பசை கொண்ட) பிளைவுட், பின்பலகை மட்டும் 6 மி.மீ. பிளைவுட். அடித்தட்டு இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே அடங்கி, அவற்றோடு ஒரே மட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கால் என்று தனியாக எதுவும் கிடையாது.

தரை சிவப்பு ஆக்சைடு போட்டது. மழைநீர் வடிவதற்காகத் தாழ்வாரத்துக்குக் கொடுத்த சாய்வு கூடத்தின் ஓரம் வரைக்கும் தொடர்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அலமாரியின் இடது முன்மூலை இருக்கும் இடம் வலது பின்மூலையைவிட 14 மி.மீ. தாழ்வாக இருக்கிறது. இப்போதைக்கு அட்டையை மடித்துச் செருகி ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் கதவுகளின் மேல்விளிம்புகள் நேர்கோட்டில் வரவில்லை; இடது கதவு கொண்டியைப் போடாவிட்டால் தானாகவே திறந்துகொள்கிறது.

குளிர்பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இருப்பது போன்ற திருகு கால்களை இதற்கும் பொருத்திவிடலாம் என்று நினைக்கிறேன். அலமாரியைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியுமா? டி-நட் (பல் வைத்த வட்டத் தகடும் உள்மரை கொண்ட குழாய்க் கழுத்தும் உள்ள நட்டு) நல்லதா, மரத்துக்குள் திருகி இறக்கும் பித்தளை இன்சர்ட் நல்லதா? மூன்றடி அகலத்துக்கு நான்கு கால்கள் போதுமா, ஆறு வேண்டுமா? வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு யோசனை சொல்லுங்கள்.

---

மூலைமட்டம் எழுதியது:

வணக்கம். மாடுலர் கிச்சன் பெட்டிகளுக்குப் போடுகிற பி.வி.சி. கால்களையே வாங்கிப் போட்டுவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிச்சன் லெக் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உயரம் நான்கு அங்குலம் அளவில் இருக்கும்; அடியில் உள்ள வட்டத்தைக் கையால் திருகினாலே ஏறும், இறங்கும். ஒவ்வொரு காலையும் நான்கு திருகாணிகளால் அடித்தட்டில் பொருத்த வேண்டியதுதான். பிளாஸ்டிக் என்பதால் துருப்பிடிக்கும் கவலை இல்லை. முன்னால் ஸ்கர்டிங் பட்டையைக் கிளிப்பில் மாட்டிக்கொள்ளலாம். தரை கழுவும் அன்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துடைத்து உலர்ந்தபின் மறுபடியும் மாட்டலாம். பிரிக்கவே வேண்டாம், அலமாரியைக் காலி செய்து மல்லாக்கப் படுக்க வைத்தால் வேலை அரை நாளில் முடிந்துவிடும்.

---

இழைப்புளி எழுதியது:

மூலைமட்டம் அவர்கள் சொன்ன கால்கள் நல்ல கால்கள்தாம். ஆனால் இந்த அலமாரியில் அவற்றை அடித்தட்டில் மட்டும் பொருத்தினால் பாரம் தவறான வழியில் இறங்கும் என்பதே என் கருத்து. எந்தக் காலை வாங்குவது என்பதைவிட, அந்தக் கால் எதற்கு நேர்கீழே நிற்கிறது என்பதுதான் இங்கே முக்கியமானது.

முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். நீங்கள் கொடுத்த அளவுகளின்படி, பக்கப் பலகைகள், ஐந்தாறு தட்டுகள், கதவுகள் எல்லாம் சேர்ந்து சுமார் ஐந்தே கால் சதுர மீட்டர் 19 மி.மீ. பிளைவுட் ஆகும். பிளைவுட்டின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 600 முதல் 650 கிலோ என்று எடுத்துக்கொண்டால், பின்பலகையையும் சேர்த்து வெறும் அலமாரியே 70 கிலோவை நெருங்குகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு நிறுத்தி அடுக்கிய புத்தகங்கள் 25 கிலோ, கனமான அட்டை போட்ட நூல்களாக இருந்தால் 30 கிலோ கூட வரும். ஐந்து தட்டுகளும் நிரம்பினால் புத்தகங்கள் மட்டும் 110 முதல் 130 கிலோ. ஆக, மொத்தம் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 200 கிலோவும் எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். தட்டுகள் பக்கப் பலகைகளில் தாங்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஏறக்குறைய முழுப் பாரமும் அந்த இரண்டு பலகைகள் வழியாகத்தான் இறங்குகிறது. இப்போது அவை நேராகத் தரையில் நிற்பதால் சிக்கல் இல்லை. நடுவே அடங்கியிருக்கும் அடித்தட்டின் கீழே மட்டும் கால்களை வைத்துத் தூக்கினால், பக்கப் பலகைகள் அந்தரத்தில் தொங்கும். அவற்றின் பாரம் முழுவதும் அடித்தட்டையும் பக்கப் பலகையையும் இணைக்கிற சில திருகாணிகள், பசை ஆகியவற்றின் மீது விழும். அந்த இணைப்பு உடனே விட்டுவிடாது என்றாலும், பிளைவுட்டின் விளிம்பில் ஏறிய திருகாணிக்குப் பிடிப்பு குறைவு என்பதால், காலப்போக்கில் இளகிக்கொண்டேதான் வரும். சமையலறைப் பெட்டிகளில் போடும்போது, காலின் மேல்தட்டில் பாதி பக்கப் பலகையின் அடிவிளிம்புக்குக் கீழே வருமாறு தச்சர்கள் வைப்பது இதனால்தான். அவ்வாறு வைத்தால் கிச்சன் லெக்கும் இதற்குப் பொருந்தும். ஆனால் ஆறரை அடி உயரமும் புத்தகப் பாரமும் உள்ள ஒன்றை பி.வி.சி. கால் மீது நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பக்கப் பலகையின் அடிவிளிம்பிலேயே துளையிட்டு நட்டை இறக்கலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். அது வேண்டாம். 19 மி.மீ. தடிமனில் 12 மி.மீ. துளை போட்டால் இருபுறமும் மூன்றரை மி.மீ. தோல்தான் மிஞ்சும், நட்டின் பல் ஏறும்போதே அடுக்குகள் பிரிந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது தனியான ஓர் அடிச்சட்டம். மூன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தை, மூன்றங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, ஏணியைப் படுக்க வைத்தது போல ஒரு சட்டகம் செய்யுங்கள். வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய தேக்குச் சட்டம் இருந்தால் அதைவிட மேலானது வேறில்லை. ஈரம் முழுவதும் போய், இனி முறுக்கிக்கொள்ளாத நிலையில் இருக்கும். சட்டகத்தின் வெளி அகலம் அலமாரியின் வெளி அகலத்துக்கு மிகச் சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கப் பலகைகள் சட்டத்தின் மேல் உட்காரும். ஆழத்தில் மட்டும் முன்பக்கம் இரண்டங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள், நின்று புத்தகம் எடுக்கும்போது கால்விரல் இடிக்காது. அடித்தட்டின் உள்ளிருந்து சட்டகத்துக்குள் திருகாணிகளை இறக்கி இரண்டையும் இணைத்துவிட்டால், நீங்கள் செய்த அலமாரியில் ஓர் இணைப்பைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை.

திருகு கால்கள் இந்தச் சட்டகத்தின் நான்கு மூலைகளுக்கு அருகே வரட்டும். சட்டத்தின் முனையிலிருந்து குறைந்தது இரண்டங்குலம் விட்டே துளையிடுங்கள். முனைக்கு நெருக்கமாக டி-நட்டை அடித்தால் மரம் இழையோடு பிளந்துவிடும். துளையின் அளவை நட்டின் கழுத்தை வெர்னியரில் அளந்து முடிவு செய்யுங்கள், கடைக்குக் கடை சிறிது மாறுகிறது. கழுத்து போல்ட்டைவிடப் பெரியது என்பதால், அதே துளையை மேல்வரைக்கும் கொண்டு போனால் போல்ட் தடையின்றி மேலே ஏறுவதற்கு இடமும் கிடைத்துவிடும்.

டி-நட்டா, இன்சர்ட்டா என்று கேட்டீர்கள். இந்த இடத்துக்கு டி-நட் போதும். ஆனால் அதை எந்தப் பக்கத்திலிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பலகையை இழுத்துப் பிடிக்கும் வேலைகளில் டி-நட்டை போல்ட் நுழையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பதே வழக்கம். காலுக்கு அந்த வழக்கம் பொருந்தாது. இங்கே போல்ட் நட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. நட்டின் தகடு சட்டத்தின் மேற்புறத்தில் இருந்தால் அலமாரியின் பாரமே அதன் பற்களை மரத்திலிருந்து பிடுங்கிவிடும். தகடு தரையைப் பார்த்து அடிப்புறத்தில் இருந்தால், பாரம் ஏற ஏற அது மரத்தோடு இறுகும். இன்சர்ட் வாங்குவதானாலும் அடியில் விளிம்பு உள்ள வகையாகப் பார்த்து, அந்த விளிம்பு கீழே இருக்கும்படி இறக்குங்கள். விளிம்பில்லாத இன்சர்ட்டில் முழுப் பாரத்தையும் அதன் வெளிமரை மட்டுமே சுமக்க வேண்டியிருக்கும்.

நட்டை அடிக்கும்போது அதற்குள் ஒரு பழைய போல்ட்டைச் சிறிது திருகி வைத்துக்கொண்டு, மேலே மரத்துண்டு வைத்து அடியுங்கள். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் கழுத்தின் வாய் நசுங்கி, பிறகு போல்ட் பாதியிலேயே இறுகி நின்றுவிடும்.

கால்களில் எம் 8, எம் 10 (மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ., 10 மி.மீ.) இரண்டும் கிடைக்கும். நேர்பாரத்தைச் சுமக்க எம் 8 தாராளமாகப் போதும். இருந்தாலும் நான் எம் 10 வாங்கச் சொல்வது வளைவுக்காக. அலமாரியை யாராவது பக்கவாட்டில் நெம்பினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைதான் வளையும். எம் 8 மரையின் உள்விட்டம் ஆறரை மி.மீ. அளவு, எம் 10 மரையில் எட்டு மி.மீ.க்குச் சற்று மேல். வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால், இரண்டு மி.மீ.க்கும் குறைவான அந்த வித்தியாசமே வலிமையை இரட்டிப்பாக்குகிறது. எம் 10 ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. உயரும், உங்களுடைய 14 மி.மீ.யைச் சரிசெய்ய ஒன்பது சுற்றுக்கு மேல் கொஞ்சம் ஆகும். 60 மி.மீ. நீளமுள்ள மரை வாங்கினால், எவ்வளவு வெளியே வந்தாலும் நட்டின் கழுத்து முழுவதும் மரை நிறைந்தே இருக்கும்.

ஆறு கால்கள் வேண்டாம். மூன்றடிக்கு நான்கு போதும். நடுவில் கூடுதலாக வைத்தால், எந்தக் கால் உண்மையில் சுமக்கிறது, எது சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே பொழுது போய்விடும்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

மேலே சொன்ன அடிச்சட்டத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குத் திருகு கால் எதற்கு? நகராத அலமாரிக்கு, நகராத தரையில், ஒரு முறை மட்டம் பார்த்து ஆப்பு வைத்தால் தீர்ந்தது. ஒற்றை ஆப்பு வேண்டாம். அதன் சாய்ந்த முகத்தில் சட்டம் ஓரமாக மட்டுமே உட்காரும். ஒரே சாய்வில் அறுத்த இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகினால், மேல்முகமும் கீழ்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். ஒன்றைத் தட்டினால் மயிரிழை அளவு உயரும். மட்டம் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒரு திருகாணி போட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட வேண்டியதுதான். தேக்குத் துண்டில் அறுத்த ஆப்பு இரண்டங்குலத்துக்கு மூன்றங்குலப் பரப்பில் பாரத்தைத் தாங்கும். இரும்புத் திருகை மரத்துக்குள் வைத்துவிட்டு, அது துருப்பிடிக்குமா, வளையுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. எப்படிச் செய்தாலும் அலமாரியோடு சேர்த்து மட்டம் பார்க்காதீர்கள். முதலில் வெறும் அடிச்சட்டத்தை அதன் இடத்தில் வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் பார்த்து முடித்துவிடுங்கள். சட்டத்தைக் கையில் பிடித்து, நாலாபுறமும் சுற்றிவந்து, குனிந்து பார்த்துச் செய்யலாம். அதன்பின் கதவுகளைக் கழற்றிய அலமாரியை இரண்டு மூன்று பேர் தூக்கி மேலே வைத்து, உள்ளிருந்து திருகாணி போடுங்கள். ஆறரை அடி அலமாரியைப் படுக்க வைத்துக் கால் போட்டு, பின்னர் நிமிர்த்தும்போது, முழுப் பாரமும் பின்னங்கால்கள் இரண்டின் மேல் சாய்வாக விழும். திருகு கால் வளைவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

---

இழைப்புளி எழுதியது:

அடிச்சட்டத்தைத் தனியாக மட்டம் பார்க்கச் சொன்னது அருமையான யோசனை, ஐயா. நிமிர்த்தும்போது வளையும் அபாயமும் அதனால் நீங்கிவிடுகிறது. ஆப்பைப் பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வெற்று அடிச்சட்டத்தில் பார்த்த மட்டம், 200 கிலோ ஏறியபின் அப்படியே இருப்பதில்லை. தரையில் வெற்றிடம் இருந்தால் ஒரு மூலை சற்று அமுங்கும், சட்டமும் தன் இணைப்புகளில் சற்று உட்காரும். அந்த நிலையில் ஆப்பைத் தட்ட வேண்டுமானால் புத்தகங்களை இறக்கிவிட்டுக் கடப்பாறையால் நெம்ப வேண்டியிருக்கும், சுவரோர ஆப்புக்குக் கை எட்டவும் எட்டாது. திருகு காலை மேலேயிருந்தே திருத்த முடியும். மேலும், வாரந்தோறும் தண்ணீர் ஓடுகிற தரையில் மரம் தரையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆப்பு எத்தனை நல்ல தேக்காக இருந்தாலும், அதன் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சி மேலுள்ள சட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

தண்ணீர் விடுகிற தரை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அங்கே திருகு காலே பொருத்தம். மொசைக், டைல்ஸ் போட்டு ஈரத் துணியால் மட்டும் துடைக்கிற வீடாக இருந்தால் ஆப்புதான் என் முடிவு, அதில் மாற்றமில்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. அடிச்சட்டம் செய்து, எம் 10 கால்களைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் கொல்லையில் பழைய நிலைக்கதவின் தேக்குச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றையே இழைத்துக்கொள்ளப் போகிறேன்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. இழைப்புளி அவர்கள் பின்னங்கால்களை மேலேயிருந்து திருத்தலாம் என்கிறீர்கள். அதற்கு என்ன ஏற்பாடு? இரண்டாவது, இத்தனை பாரமும் நான்கு சிறிய வட்டங்களில் நிற்பதால் சிவப்பு ஆக்சைடு தரை வெடித்துவிடுமோ என்று அம்மா அஞ்சுகிறார்; இந்தத் தரையைப் பழையபடி பூசித் தரும் ஆள் இப்போது கிடைப்பது அரிது. மூன்றாவது, வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். கால் வைத்து உயர்த்தியபின் அலமாரி முன்னால் சாய வாய்ப்பு கூடுமா?

---

இழைப்புளி எழுதியது:

மேலேயிருந்து திருத்துவதற்குச் சில கால்களில் தண்டின் மேல்முனையிலேயே ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி இருக்கும். அது இல்லாவிட்டால், ஆக்ஸா பிளேடால் போல்ட்டின் மேல்முனையில் குறுக்காக ஒரு வெட்டுப் போடுங்கள், தட்டையான ஸ்க்ரூடிரைவர் பிடித்துக்கொள்ளும். சட்டத்தில் போட்ட துளைக்கு நேராக அடித்தட்டிலும் ஒரு துளையிட்டு, பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும். துளை பக்கப் பலகைக்கு அடியில் மறைந்துவிடாதபடி, சட்டத்தின் வெளிமுகத்திலிருந்து 35 மி.மீ. உள்ளே அதன் மையம் வரட்டும். இரண்டங்குலச் சட்டத்தில் நட்டின் தகட்டுக்கு அப்போதும் இடம் மிஞ்சும். அடிவட்டம் தனியாக அசையும் வகைக் கால்களாக வாங்குங்கள். தண்டு சுழலும்போது வட்டம் தரையில் அப்படியே நிற்கும். சாய்ந்த தரைக்கு ஏற்பத் தானும் சாய்ந்து, முழுப் பரப்பும் படியும். வட்டமும் தண்டும் ஒரே துண்டாக இருந்தால், சுற்றுகிற ஒவ்வொரு முறையும் தரையில் அரைவட்டக் கீறல் விழும்.

தரையைப் பற்றி அம்மா அஞ்சுவதில் நியாயம் உண்டு, ஆனால் அதைத் தவிர்க்க முடியும். நான்கு கால்களும் சமமாகச் சுமந்தால் ஒவ்வொன்றிலும் 50 கிலோ. 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ.; ஆக ஒரு சதுர செ.மீ.க்கு இரண்டரை கிலோதான் விழுகிறது, சிமெண்டுப் பூச்சுக்கு இது ஒன்றுமே இல்லை. அதே பாரம் வட்டமில்லாத எம் 10 போல்ட்டின் தலை மீது நேரடியாக நின்றால் அழுத்தம் எட்டு மடங்காகும், அதுவும் கூரான ஓரங்களோடு. ஆகவே பெரிய நைலான் வட்டம் உள்ள காலாகவே வாங்குங்கள். உங்கள் தரையில் உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. சிவப்பு ஆக்சைடு பூச்சு மேலே சில மி.மீ. அளவுதான்; அது அடித்தளத்தை விட்டுக் கழன்று நிற்கும் இடத்தில் பாரம் ஏறினால் விரிசல் விடும். கால்கள் வரப்போகிற நான்கு இடங்களையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கனத்த ஓசை வந்தால் நல்லது. வெற்றொலி கேட்டால் அலமாரியையே ஓரிரு அங்குலம் தள்ளி வைத்துவிடலாம்.

நான்கு கால்களும் சமமாகச் சுமக்கின்றனவா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. தரையின் உயர்ந்த மூலையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் அது வலது பின்மூலை. அந்தக் காலை ஏறக்குறைய முழுதும் உள்ளே ஏற்றி, ஓரிரண்டு சுற்று மட்டும் மிச்சம் வையுங்கள். பிறகு அதன் பக்கத்துக் கால்கள் இரண்டையும் ரசமட்டம் பார்த்து அதற்கு இணையாக்குங்கள். மூன்று கால்கள் எப்போதும் தரையைத் தொட்டே தீரும். எதிர்மூலையில் இருக்கும் நான்காவதுதான் ஏமாற்றும். பார்வைக்குத் தரையில் இருப்பது போலத் தோன்றும், பாரம் எதையும் வாங்கியிருக்காது. அதன் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து, இழுத்தால் வராத அளவுக்குக் காலை இறக்குங்கள். அதற்குமேல் கால்வாசிச் சுற்று திருகினாலும், பக்கத்து மூலைகளில் இருக்கும் கால்களின் பாரம் குறையத் தொடங்கும். ஆகவே அங்கேயே நிறுத்துங்கள். புத்தகம் அடுக்கியபின் இந்தக் காகிதச் சோதனையை நான்கு மூலைகளிலும் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றீர்கள். சாய்கிற வாய்ப்பு கூடத்தான் செய்யும். அலமாரியின் ஆழம் பதினைந்து அங்குலம். அடிச்சட்டத்தை முன்னால் இரண்டங்குலம் உள்ளே தள்ளி, அதற்குள்ளும் ஓர் இரண்டங்குலம் தள்ளிக் கால்கள் வந்தால், அலமாரி நிற்கிற உண்மையான அடித்தளம் பத்துப் பதினொரு அங்குலம்தான். கதவுகள் இரண்டும் திறந்திருக்கும்போது இருபது கிலோ எடை முன்னால் நகர்கிறது. அந்த நேரத்தில் ஒரு குழந்தை தட்டைப் பிடித்து ஏறினால் போதும். ஆகவே மேற்பகுதியைச் சுவரோடு பிணைப்பது கட்டாயம். அதை விருப்பத்துக்கு விடக்கூடாது. இரண்டு எல்-ஆங்கிள்களைப் பக்கப் பலகைகளுக்கு அருகே, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், 6 மி.மீ. பின்பலகையில் திருகாணி போட்டால் அது பிடிக்காது. பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு தடிமனாக இருக்கும். பிளக் பூச்சிலேயே நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் போகும் அளவு ஆழமாகத் துளையிடுங்கள். சுவரோரம் தரையிலிருந்து எழும் கறுப்புப் பட்டை தடித்திருந்தால் மேலே இடைவெளி வரும். அதே தடிமனில் ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கொடுத்துவிடுங்கள். மட்டம் முழுவதும் முடிந்தபிறகுதான் ஆங்கிளை இறுக்க வேண்டும். முன்பே இறுக்கிவிட்டால், காலைத் திருகும்போது அலமாரி உயராமல் முறுக்கிக்கொள்ளும்.

---

ஈரத்தரை எழுதியது:

நான் மரவேலை தெரிந்தவனல்லன். ஆனால் நாகப்பட்டினத்தில் கடலோர வீட்டில் இருப்பதால் துருவைப் பற்றித் தெரியும். துத்தநாகம் பூசிய கால்கள் மலிவு என்றாலும், தண்ணீர் விடும் தரையில் மரைக்குள் துருப்பிடித்து, பிறகு திருத்த நினைக்கும்போது அசையாது. தண்டு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். போடும்போதே மரையில் சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் பாரத்தோடு உலர்வாகச் சுழன்றால், மரை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும் குணம் அதற்கு உண்டு. பி.டபிள்யூ.ஆர். பிளைவுட்டின் பசை ஈரத்தைத் தாங்கும் வகைதான். என்றாலும் இதுவரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அடிவிளிம்புகளில் அடுக்குகள் திறந்தே இருக்கின்றன. அலமாரியைத் தூக்கும் அன்றே அந்த விளிம்புகளுக்கும், அடிச்சட்டத்தின் அடிப்புறத்துக்கும், போட்ட துளைகளின் உட்புறத்துக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். பிறகு அந்த இடங்களுக்குக் கை எட்டாது.

சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பட்டை போட்டு மூட வேண்டாம் என்பது என் எண்ணம். திறந்திருந்தால் தண்ணீர் வடியும், காற்று உலர்த்தும். கரையான் ஏறினாலும் அதன் மண்கோடு காலின் மேல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எறும்பு ஏறாமலிருக்க அந்தக் காலத்துச் சமையலறை அலமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்களே, அங்கேயும் பூச்சி ஏறுகிற வழி கண்ணெதிரேதான் இருந்தது.

---

காவிரிக்கரை எழுதியது:

அனைத்தையும் குறித்துக்கொண்டேன். இடைவெளியை மூடப்போவதில்லை. கடைசியாக ஒன்று: மட்டம் சரியானபின்பும் கதவுகளின் மேல்விளிம்பு நேராக வராவிட்டால், காலையே இன்னும் சிறிது திருகிச் சரிசெய்யலாமா? கதவுகளில் 35 மி.மீ. குழிக் கீல்கள்தாம் போட்டிருக்கிறேன்.

---

மூலைமட்டம் எழுதியது:

அதற்குக் காலைத் தொடாதீர்கள். முதலில் அலமாரியின் முன்வாயில் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அல்லது ஒன்றிரண்டு மி.மீ.க்குள் இருந்தால், பெட்டி சதுரமாக நிற்கிறது என்று பொருள். மிச்சமிருக்கும் கோணல் கதவைச் சேர்ந்தது, அதைக் கீலில்தான் சரிசெய்ய வேண்டும். குழிக் கீலில் முன்னால் இருக்கும் திருகு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும். பின்னால் இருப்பது கதவுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். பக்கப் பலகையில் பதிந்திருக்கும் தகட்டின் திருகாணிகளைச் சற்று இளக்கினால், கதவு முழுவதும் மேலும் கீழும் நகரும். மேல்கீலைப் பக்கவாட்டில் ஒரு மி.மீ. நகர்த்தினாலே ஆறரை அடிக் கதவின் சாய்வு கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.

மூலைவிட்டங்கள் ஒன்றாக இல்லாவிட்டால் மட்டும், எல்-ஆங்கிளை இளக்கிவிட்டு இழைப்புளி அவர்கள் சொன்ன காகிதச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். எங்கோ ஒரு கால் பாரம் வாங்காமல் நிற்கிறது.